ராமுக்கு வைத்த சந்தனம்

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வது என் தொழில். கள்ளக்குறிச்சியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து செய்கிறேன். கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே மாட்டினேன். "பொம்பளைக்கு இது வருமா?" என்று கேட்ட கடைக்காரனிடம் அதற்கப்புறம் ஒரு ஸ்க்ரூகூட வாங்கியதில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அந்தக் கம்ப்யூட்டர் எழவில்லை. சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, திரை மட்டும் கருப்பாகவே கிடந்தது. உள்ளேயிருந்து பீப், பீப், பீப்.

அன்றைக்கென்று பார்த்துக் கரியாலூர் அக்கா ஒருவர் முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவர் மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையைக் குலசாமி காலடியில் வைத்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். அன்று சாயங்காலம் வைப்பதாகப் பூசாரியிடம் சொல்லிவிட்டார். மத்தியான பஸ்ஸில் ஏறும்போது ஒரே ஒரு பத்திரிகையாவது அவர் கையில் இருக்க வேண்டும். பிரிண்டர் இருந்தது. பத்திரிகை அந்தக் கருப்புத் திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. பென்டிரைவில் நகல் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவள் நான்தான்.

"இன்னா பாப்பா, பொட்டி தூங்குதா?"

"எழுப்பிடறேன்க்கா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஒயர்களைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். அதே பீப். கேபினட்டை நகர்த்தலாம் என்று தூக்கினேன். நாலு காலுக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம்.

என் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். "யோவ்!" என்று கத்தினேன். பொரியை மென்றுகொண்டே வந்தார்.

"இன்னாய்யா இது?"

"என் வண்டிக்கு வெச்சேன், உன் வண்டிக்கும் வெச்சேன். உன்னுது நகரவே இல்ல, அதான் பழம் நசுங்கல."

அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பக்கவாட்டு மூடியின் ஸ்க்ரூ கையாலேயே கழன்று வந்தது. நான் முடுக்கினால் அப்படி இருக்காது. திறந்தால் உள்ளே ஒரே வளைகாப்பு. ஃபேனுக்கு ஒரு பொட்டு, போர்டுக்கு ஒரு பொட்டு, ராம் பட்டை இரண்டின் தலையிலும் சந்தனம்.

"உள்ள எதுக்குய்யா வெச்ச?"

"போன வருசம் திரையில வெச்சதுக்கு இன்னா பேச்சு பேசின? கம்ப்யூட்டரு அது இல்லய்யா, உள்ள இருக்குதுன்னு சொன்னியா இல்லியா? அதான் பொட்டிய படுக்க வெச்சு, பொறுமையா வெச்சேன். சந்தனம்தான் கொஞ்சம் தண்ணியாப் பூட்ச்சி."

சொன்னது உண்மைதான். அதைவிட மோசமாகவும் சொல்லியிருந்தேன்.

ராம் பட்டையைக் கழற்றினேன். கம்ப்யூட்டருக்கு ஞாபகம் என்பது அதுதான். அதன் அடியிலிருக்கும் தங்க நிறப் பல்வரிசை முழுக்கச் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது.

"இது பேரு இன்னா பாப்பா?"

"ராம்க்கா."

"ராமருக்காப் பொட்டு வெச்ச தம்பி? நாமம் இல்ல போடணும்! அதான் கோச்சிக்கினாரு."

"நாமம் எனக்குத்தாங்கா. கல்யாணம் ஆனதுலேருந்து போட்டுக்கினு இருக்கறா."

சாயங்காலம் வரைக்கும் கோபமாகவே இருப்பது என்று வைத்திருந்தேன். முடியவில்லை, சிரித்துவிட்டேன்.

ராம் பல்லைத் துடைக்க அழி ரப்பர் போல எதுவும் வராது. வீட்டிலிருந்த ஒரே ரப்பர் சரஸ்வதி படத்தின் முன்னால், நோட்டுகளின் மேல் இருந்தது. "மறுபூசை பண்ணல, எடுக்கக் கூடாது" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். கம்ப்யூட்டரைப் படுக்கப்போட்டுக் குளிப்பாட்டியவருக்குத் திடீரென்று சாஸ்திரம் வந்துவிட்டது.

"சாமி காரியத்துக்குத்தான கேக்குது? எடு தம்பி" என்றார் அக்கா.

தேய்த்தேன், ஊதினேன், செருகினேன். பீப். திரும்பக் கழற்றித் தேய்த்தேன். பீப். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதுவரை அவர் பார்க்கவே இல்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. பட்டை சுத்தம், அதைச் செருகும் காடிக்குள்ளும் சந்தனம் இறங்கியிருக்குமே! ஒரே ஒரு பட்டையை, சந்தனம் படாத வேறு காடியில் அழுத்தினேன். சுவிட்சைத் தட்டினேன்.

ஒரே ஒரு பீப். திரை வெளுத்தது.

பத்திரிகை பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. அக்கா மகள் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். மாப்பிள்ளை பெயரையும் படித்தார். பிறகு நாலு மூலையிலும் வைக்க மஞ்சள் கேட்டார். என் வீட்டுக்காரர் குஷியாகக் கிண்ணத்தையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"கெட்டியா கொழைய்யா!" என்று நானும் அக்காவும் ஒன்றாகக் கத்தினோம்.

கெட்டியாகத்தான் குழைத்தார். மஞ்சள் காய்கிறவரை பத்திரிகையை இரண்டு கையாலும் ஏந்தியபடி அக்கா குட்டியானையில் ஏறி உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு என் வீட்டுக்காரரே கொண்டுபோய் விட்டார். பஸ் கிளம்பச் சரியாக இருந்ததாம்.