அலாரம் நின்றிருந்த நேரம்

குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அங்கே வாயுக்கசிவு அலாரத்தை இயக்கும் கணினிச் சேவையை நிறுத்தி, மறுபடி தொடங்கப் போயிருந்தேன். நிறுத்தும் கட்டளையை அடித்தாயிற்று; என்டர் தட்டுவதுதான் பாக்கி. என் வயதே இருக்கும் ஷிப்ட் ஆபரேட்டர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இருங்க மேடம். உள்ள நாலு பேரு இருக்காங்க.”

வாக்கிடாக்கியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். “மச்சான், அப்புறம் முடிக்கலாம், வெளிய வா.”

நால்வரும் வந்த பிறகே கீபோர்டு திரும்பி வந்தது. நிறுத்தினேன். ஆனால் சேவை மறுபடி தொடங்கவில்லை. வேலை நிற்கிறதென்று மேலாளர் ஆபரேட்டரிடம் போனில் கத்தினார்.

“அலாரம் வரட்டும் சார், அனுப்புறேன்.”

பிழையைத் தேடித் திருத்தினேன். ‘இயங்குகிறது’ என்றது திரை. ஆபரேட்டர் அதை நம்பவில்லை. சோதனை வாயுவுடன் உள்ளே போனார். அலாரம் அலறியதும்தான் மற்றவர்களை அனுப்பினார்.

முதலில் தனியாகப் போனது அவர்தான் என்பது சிதம்பரம் பஸ்ஸில் ஏறிய பிறகே எனக்கு உறைத்தது.