டல்சி நோஸ்கேயின் கவுண்டர்

ஆஸ்திரேலியாவின் விம்மெரா பகுதியில், எங்கள் ஊர் மருந்துக்கடைக் கவுண்டரில் முப்பது வருடம் நின்ற டல்சி நோஸ்கேயை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது.

எங்களுக்கு வசந்தமான அக்டோபர் கடைசியில் ரை என்னும் தீவனப் புல் பூத்ததும், அதன் மகரந்தத்தில் ஊரே தும்மும். தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் சேர்த்து வரும் மாத்திரை உள்ளே பூட்டியிருக்கும். அதை வாங்கிப் போதைமருந்து காய்ச்சுகிறவர்கள் உண்டு. அதனால் படம் உள்ள அடையாள அட்டை காட்டி, கம்ப்யூட்டரில் பதிந்துதான் வாங்க வேண்டும். டல்சி பாதிரியாரிடமும் கேட்டாள்.

அவளுடைய செத்துப்போன கணவனின் தம்பி மெர்வ். குடித்துவிட்டு வண்டியோட்டி அவள் வேலியைச் சாய்த்தான். அவள் போலீசைக் கூப்பிட்டாள். அவன் லைசென்ஸ் போயிற்று. மழைக்கு முன் தன் நிலத்துத் தீவனப் புல்லை அறுத்துக் கட்டுக் கட்டியாக வேண்டும், மூச்சுவிட முடியவில்லை என்று அந்த வசந்தத்தில் கவுண்டருக்கு வந்தான்.

"லைசென்ஸ்," என்றாள்.

"அது யாரால போச்சு? என்னைத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

வெளித்தட்டில் இருந்த வெறும் தும்மல் மாத்திரையைத் தள்ளினாள். அடைப்பு விடவில்லை. அவன் அறுத்து முடிப்பதற்குள் மழை வந்து பாதிப் புல் நனைந்து கறுத்தது. தன் புல்லை நனைத்தவள் அவள்தான் என்று மதுக்கடையில் எல்லோரிடமும் சொன்னான். அடுத்து வந்த குளிர்காலத்தில் அவனுக்கு ரத்த அழுத்தமும் வந்தது.

அடுத்த வசந்தத்தில், லைசென்ஸுக்குப் பதிலாகப் புதிதாக எடுத்த பாஸ்போர்ட்டோடு வந்தான். பக்கத்து மாநிலத்து அடிலெய்டு நகரைத் தாண்டிப் போகாதவன். கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டல்சி வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படத்துல மூக்கு சின்னதா இருக்கே."

"மாத்திரையக் குடு, அந்த அளவுக்கு வந்துரும்."

பாஸ்போர்ட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"பிரஷர் இருக்கறவங்களுக்கு இது கிடையாது. உன் பிரஷர் மாத்திரைய மாசாமாசம் நான்தானே எடுத்துத் தர்றேன்."

"அந்தப் பிரஷரே உன்னாலதான் வந்துச்சு."

"அதையும் கம்ப்யூட்டர்ல ஏத்தட்டுமா?"

உள்ளேயிருந்த மருந்தாளுநரைப் பார்த்தான். அவரும் தலையசைத்து மறுத்தார்.

மெர்வ் அந்த வருடப் புல்லைப் பாதிப் பங்குக்குக் குத்தகை அறுப்புக்காரனிடம் விட்டான். பாஸ்போர்ட் வீணாகக்கூடாது என்று ஃபிஜிக்குப் போனான். அங்கிருந்து கடை முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. 'இங்கே ரை புல் இல்லை. நீயும் இல்லை. மூக்கும் பிரஷரும் நன்றாக இருக்கின்றன.'

டல்சி இருமுறை வாசித்தாள். காலாவதி மருந்துகளைப் போடும் தொட்டியைத் திறந்து அதில் போட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் லைசென்ஸ் கேட்டாள்.