இடது பக்கத்துக் கைப்பிடி

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா பகுதியில் நான் வீட்டுவேலைக்குப் போகும் வீட்டுக்காரரை சின்யோர் என்றுதான் கூப்பிடுவேன்; அவர் இடதுகைக்காரர். இன்று காலை துப்பாக்கிக் கடைக்கு வேட்டைத் துவக்கு வாங்கப் போனவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். கடைக்காரர் எடுத்து வைத்த துவக்கில் தோட்டா ஏற்றும் போல்ட்டை இழுக்கும் கைப்பிடி இடது பக்கம் இருந்தது. இப்படியும் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. சின்யோர் அதை இழுத்துத் தள்ளினார். கிளிக், கிளக்.

அந்தச் சத்தத்தோடு இலங்கையில் எங்கள் வன்னித் தோட்டம் கண்முன் வந்துவிட்டது. பொழுதுபடும் நேரம், ஈரமண் வாசம், கச்சான் கடலையைக் கிண்டித் தின்ன வரும் பன்றிகள். அப்பாவும் இடதுகைக்காரர்தான். ஆனால் அவருடைய பழைய துவக்கில் கைப்பிடி வலது பக்கம். ஒரு வெடி வைத்ததும் இடது கையைத் துவக்குக்கு மேலால் எட்டிப் போட்டுத்தான் அடுத்த தோட்டாவை ஏற்றுவார்.

“உங்கடை கை சுத்தி வாறதுக்குள்ளை பண்டி வீட்டை போய்ச் சேந்திடும்,” என்று அம்மா சிரிப்பார்.

“போகட்டும். அதுக்கும் பிள்ளையள் இருக்கும்தானே,” என்பார் அப்பா.

நான் வலதுகைக்காரி. ஆனாலும் சின்ன வயதில் பனைமட்டையைத் தோளில் வைத்து, அப்பாவைப் போலவே இடது கையை மேலால் எட்டிப் போட்டுச் சுடுவேன். எல்லோரும் அப்படித்தான் சுடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

தன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காக, சின்யோர் துவக்கை என்னிடம் தந்தார். என் இடது கை தானாகவே மேலால் எட்டி வலது பக்கத்தைத் தடவியது.

“கைப்பிடி மற்றப் பக்கம், சின்யோரா,” என்றார் கடைக்காரர் என்னிடம்.

தெரியும். ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை.