ஆறு பேரும் ஒரு சிறுத்தையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா சஃபாரி விற்பதுதான் என் வேலை. செகந்திராபாத்தில் ஒரு டிராவல் ஆபீசில் ஆப்பிரிக்கா டெஸ்க் என்று ஒரு மேஜை. அதற்குப் பின்னால் நான். அந்த மேஜையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்த பிறகும் நான் ஆப்பிரிக்காவில் காலடி வைத்ததில்லை. சிங்கத்தை நான் மிக அருகில் பார்த்தது நம் ஊர் ஜூ பார்க்கில். அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

இதில் வெட்கப்பட வேண்டியது, போகாதது அல்ல; பேசியது. "விடிகாலையிலே டென்ட்டுக்கு வெளியே சிங்கம் கர்ஜிக்கும் பாருங்க, சத்தம் காதுல விழாது, நெஞ்சுக்குள்ள விழும்" என்று நான் சொன்னால் எதிரே இருப்பவர் தன்னையறியாமல் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்ப்பார். எனக்கே நெஞ்சு அதிரும்.

1. யாருக்கு எந்தக் காடு

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆப்பிரிக்கா ஒரே காடு என்று எண்ணி வருகிறவர்தான் அதிகம். ஆளைப் பார்த்துக் காட்டைக் கொடுக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர். உள்ளே தார் ரோடு உண்டு. மலையேறி மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு உகாண்டா, ருவாண்டா; அங்கே கொரில்லா பார்க்கலாம். பேசாமல் உட்காரத் தெரிந்தவர்களுக்கு போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ. படகில் போக வேண்டும். அப்படிப் பேசாமல் உட்காரும் தமிழ்க் குடும்பம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. திரும்பி வந்து பக்கத்து வீட்டாரிடம் சொல்லியே தீர வேண்டும் என்பவர்களுக்குக் கென்யாவின் மசாய் மாரா. நான் விற்றதில் முக்கால்வாசி மாராதான்.

2. சாம்பிள் லாட்

கணபதி சார் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். மத்திய அரசின் ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம் பக்கம். சனத்நகரில் ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் அறுபது சேர்ந்து ஒரு அசோசியேஷன் வைத்திருந்தார்கள். அதற்கு அவர்தான் தலைவர். நான் நீட்டிய இடினரரியை, அதாவது நாள்வாரிப் பயணத் திட்டத்தை, ஸ்க்ரூகேஜ் வைத்து அளப்பவர்போலப் படித்தார்.

"மிஸ்டர் அருள், அறுபது குடும்பத்தையும் கண்ணை மூடிண்டு அனுப்ப முடியாது. முதல்ல ஆறு பேர் போறோம். சாம்பிள் லாட். சாம்பிள் பாஸ் ஆனா மொத்த லாட்டும் பாஸ். இல்லேன்னா மொத்தமும் ரிஜெக்ட்."

"தாராளமா சார்."

"யானை, சிங்கம், காட்டெருமை, காண்டாமிருகம், சிறுத்தை. அஞ்சையும் ஆறு பேரும் பார்த்தாகணும். ஒருத்தர் ஒண்ணை விட்டாலும் ரிஜெக்ட்தான். நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"எண்ணிக்கை வெச்சுக்கலை சார்" என்றேன். பூஜ்யத்தை யாரும் எண்ணி வைத்துக்கொள்வதில்லை. ஆகவே அது பொய்யல்ல.

"அப்ப நீங்களும் கூட வாங்க. அனுபவஸ்தர் ஒருத்தர் வண்டியில இருக்கட்டும்."

என் முதலாளி ஃபரீத் பாய் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழர் தெருவில் பிறந்து வளர்ந்த ஹைதராபாதி. அவர் தமிழ் பேசினால் தமிழ், உருது இரண்டு மொழிக்காரர்களுக்கும் பாதி புரியும். அவர் அகராதியில் 'யார்' என்றால் நண்பா, 'நக்கோ' என்றால் வேண்டாம்.

"ஜா, அருள். நீ போறே. அறுபது குடும்பம் யார்! பாஸ் ஆச்சுன்னா உன் டெஸ்க் என் தலை மேல. ஃபெயில் ஆச்சுன்னா டெஸ்க்கை மூடிட்டு உன்னைத் திருப்பி ஷீர்டி பஸ்ல ஏத்திடுவேன்."

"பாய், எனக்குக் கொஞ்சம் பயமா…"

"நக்கோ! பயம் நக்கோ. சிங்கம் முதல்ல கஸ்டமரைத்தான் சாப்பிடும்."

ஷீர்டி பஸ்ஸில் நான் ஆறு வருஷம் டூர் மேனேஜராக இருந்தவன். அங்கே திரும்பிப் போவதற்கு சிங்கமே மேல் என்று தோன்றியது. கென்யா போய் இந்தியா திரும்ப யெல்லோ ஃபீவர் ஊசி கட்டாயம் என்பதால் அரசு மையத்தில் அந்த ஆறு பேருடன் நானும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன்.

3. சீட் சார்ட், ரிவிஷன் 2

ஷீர்டி பஸ் எனக்குக் கற்றுத் தந்தது ஒன்று உண்டு. சாப்பாடு கெட்டுப்போனால் மன்னிப்பார்கள், ரூமில் வெந்நீர் வராவிட்டால் மன்னிப்பார்கள். கடைசி சீட்டில் உட்கார வைத்தால் பேரன் பேத்தி காலம் வரை மன்னிக்க மாட்டார்கள்.

சஃபாரி லேண்ட் க்ரூசரில் டிரைவருக்குப் பின்னால் மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு சீட். கடைசி வரிசையில் முதுகெலும்பு தனியாகக் கழன்று குலுங்கும். ஆகவே நான் ஒரு சார்ட் போட்டேன். அரை மணிக்கு ஒரு முறை எல்லோரும் எழுந்து இடம் மாற வேண்டும். கடைசி வரிசை நடுவுக்கு, நடு வரிசை முன்னுக்கு, முன் வரிசை கடைசிக்கு. டிரைவர் பக்கத்து சீட் எனக்கு நிரந்தரம், அனுபவஸ்தன் அல்லவா.

கணபதி சாருக்கு அது பிடித்துப்போனது. இத்தனை வருஷ சர்வீசில் ஒரு வெளியாள் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து பார்த்ததில்லை என்றார். இரண்டு திருத்தம் செய்து, 'ரிவிஷன் 2' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, லாமினேட் செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். இடம் மாறும் நேரத்தை அறிவிக்க ஒரு விசிலும் வாங்கிக்கொண்டார்.

4. நான்கு பாஸ்

கென்யாவில் இறங்கியதும் அம்போசெலியில் யானை கிடைத்தது. நகுரு ஏரிக் கரையில் காண்டாமிருகம். மாராவில் முதல் நாளே சிங்கமும் காட்டெருமையும். ஒவ்வொன்றுக்கும் கணபதி சார் படிவத்தில் டிக் போட்டு ஆறு கையெழுத்து வாங்கினார். விசில் அரை மணிக்கு ஒரு முறை ஊதியது; சார்ட் தவறாமல் நடந்தது. எங்கள் டிரைவரும் வழிகாட்டியுமான ஜோசப் ஒவ்வொரு விசிலுக்கும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான். "இது உங்கள் மதச் சடங்கா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். கிட்டத்தட்ட ஆமாம் என்றேன்.

சிறுத்தை மட்டும் பாக்கி. இரண்டாம் நாளும் இல்லை. கடைசி நாள் காலை ஒரு டிரைவ்தான் மிச்சம்.

"தம்பி, சிறுத்தையைப் பார்க்காமப் போனா இவர் என்னைத் தூங்க விடமாட்டார்" என்றார் வசந்தா அம்மா. கணபதி சாரின் மனைவி.

"ஹவ் அருள், நீ சொன்னா வரும். நீதான் எத்தனை பார்த்திருக்கே" என்றார் சாலமன் சார். ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்கிற, செகந்திராபாத்தின் பழைய கிறிஸ்தவக் குடும்பம். ஆறு பேரில் என்மேல் நம்பிக்கை வைத்திருந்த ஒரே ஆள். அதனாலேயே அவர் முகத்தை நான் பார்ப்பதில்லை.

கடைசி நாள் காலை ஏழேகால் மணிக்கு ஜோசப்பின் ரேடியோ கரகரத்தது. அவன் வண்டியைத் திருப்பினான். பத்து நிமிஷம் பேயோட்டம். ஒரு தனி மரத்தடிக்குச் சற்று முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு, விரலால் மேலே காட்டினான்.

கிளையின்மேல் படுத்திருந்தது. வால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒன்பது வருஷம் வாயால் விற்ற மிருகம். அது மெல்லத் தலையைத் திருப்பி…

விசில் ஊதியது.

மணி சரியாக ஏழரை. கணபதி சாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஐந்து பேரும் நாலு நாள் பழக்கத்தில் யோசிக்காமல் எழுந்தார்கள். முன் வரிசை பின்னால் போக, பின் வரிசை முன்னால் வர, நடுவில் வசந்தா அம்மாவின் கைப்பையும் சாலமன் சாரின் வயிறும் சிக்கிக்கொண்டன. புளியோதரை டப்பா ஒன்று உருண்டது. "காலு, என் காலு!" என்று ஒரு குரல். "முதல்ல நீங்க நகருங்க" என்று இன்னொன்று. சிறுத்தை எழுந்து, எங்களை ஒரு முறை பார்த்து, அடிமரத்தோடு வழுக்கி இறங்கிப் புல்லுக்குள் மறைந்தது.

எல்லோரும் சார்ட்படி உட்கார்ந்தபோது மரம் மட்டும் இருந்தது.

5. விசாரணை

கணபதி சார் படிவத்தை எடுத்தார்.

"யார் யார் பார்த்தேள்?"

"நான் உங்க முதுகைப் பார்த்தேன். நாப்பது வருஷமா அதைத்தான் பார்த்துண்டிருக்கேன்" என்றார் வசந்தா அம்மா.

"எனக்கு வால் தெரிஞ்சுது சார். வால்னு எழுதிக்கோங்க" என்றார் சாலமன் சார்.

"வாலை வெச்சு எப்படி பாஸ் போடறது? பார்ட் சப்ளையை நான் சர்வீஸ்ல ஒரு தடவைகூட அக்செப்ட் பண்ணினதில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் அருள், உங்க அனுபவத்துல சொல்லுங்கோ. காத்திருந்தா திரும்பி வருமா?"

எனக்குக் கண் முன்னால் ஷீர்டி பஸ் ஓடியது. காத்திருப்போம் சார், கட்டாயம் வரும் என்று நாக்கு வரை வந்தது. ஆனால் விசிலுக்கு எழ வேண்டாத முன் சீட்டில் இருந்த நான் வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே ஒரு சிறுத்தையைப் பார்த்திருந்தேன். அதற்கப்புறம் புளுகு சரியாக வரவில்லை.

"எனக்குத் தெரியாது சார். நான் ஆப்பிரிக்கா வர்றது இதான் முதல் தடவை."

சாலமன் சார் "யேசுவே" என்றார். கணபதி சார் மட்டும் அசையவில்லை.

"அது தெரியும். யெல்லோ ஃபீவர் ஊசி ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். பல தடவை போயிட்டு வந்தவர் எங்களோட லைன்ல எதுக்கு நின்னீர்? அன்னிக்கே நோட் பண்ணினேன்."

"அப்புறம் ஏன் சார் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"போகாதவரே இவ்வளவு பேசறாரே, நேர்ல பார்த்தா என்ன பேசுவார்னு பார்க்கத்தான். ஒண்ணும் பேசலையே நீர்."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சிறுத்தை வரவில்லை. விசிலும் ஊதவில்லை.

6. தீர்ப்பு

ஊர் திரும்பிய இரண்டாம் ஞாயிறு அசோசியேஷன் கூட்டம். நானும் ஃபரீத் பாயும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பாய் என் காதில், "ஷீர்டி பஸ்ல புது ஏ.சி. போட்டிருக்கு யார்" என்று ஆறுதல் சொன்னார்.

கணபதி சார் ரிப்போர்ட் வாசித்தார். நான்கு மிருகங்களுக்கும் பாஸ். பிறகு பக்கத்தைத் திருப்பினார். "சிறுத்தை. பொருள் தரமானது. குறித்த இடத்துக்கு, குறித்த காலத்துக்குள் வந்து சேர்ந்தது. பெற்றுக்கொள்ளும் தரப்பின் நடைமுறையில் குறைபாடு. அந்த நடைமுறைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவன் நான். சப்ளையர் மீது குற்றமில்லை. லாட் அக்செப்டட்."

ஃபரீத் பாய் என்னைக் கட்டிப்பிடித்தார். நாற்காலி இரண்டும் சாய்ந்தன.

இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இடினரரியில் நேரம் போடுங்கள், சீட் சார்ட்கூடப் போடுங்கள். மரத்தில் ஏதாவது தெரிந்தால் அந்தச் சார்ட்டைத் தூக்கி எறிய ஒருவரை வண்டியில் வையுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். ஊசி போடும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கூட்டம் முடிந்து காபி கொடுத்தார்கள். அடுத்த குரூப் ஜூலையில் கிளம்புவதாக முடிவாகியிருந்தது. வசந்தா அம்மா பக்கத்தில் நின்றார். பழகிய உரிமையில், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டேன்: "அப்ப அடுத்த குரூப்போடயும் நான் வரணும் இல்லையாம்மா?"

அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"வேண்டாம் தம்பி. விசிலுக்கு எழுந்திருக்க வேண்டாத அந்த முன் சீட்டு காலியா இருந்தா, அதுல உக்காந்து யாராவது ஒருத்தராவது சிறுத்தையைப் பார்ப்பா."