ஒன்றும் எழுதாத பொத்தான்

இறுதிச்சடங்குக்குப் பெட்டியும் வண்டியும் கொடுக்கும் மலர்ச்சாலை ஒன்றின் அலுவலகத்தில், அங்கிருந்த பழைய கணினித் திரையில், வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு சாம்பல் நிறப் பொத்தான் இருந்தது. அதன்மேல் ஓர் எழுத்தும் இல்லை. அழுத்தினால் மென்பொருள் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே, "இதென்ன வெறும் பட்டன்?" என்று கேட்பார்கள். அந்த மென்பொருளை எழுதியவள் என் அக்கா. பொத்தான் வெறுமையாகப் போனதற்குக் காரணமும் அவள்தான்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடிந்த கையோடு அக்கா மட்டக்களப்பு நகரில் ஒரு சிறிய அறையை எடுத்துத் தொழில் தொடங்கினாள். பிறகு நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். முதலில் ஓர் அரிசி ஆலைக்குத்தான் மென்பொருள் செய்துகொடுத்தாள். வழக்கமாக "வெளியேறு" என்று இருக்கும் பொத்தானை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "நாயக் கலைக்கிற மாதிரி வெளியேறு எண்டா சொல்றது? வேல முடிச்சு ஊட்ட போற மனிசரில்லையா?" என்பாள். ஆலைக்குச் செய்ததில் அந்த இடத்தில் "போயிட்டு வாறன்" என்று எழுதினாள். ஆலையின் கணக்கப்பிள்ளை மாலையில் அதை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் அழுத்துவாராம்.

அதன் பிறகு மலர்ச்சாலை முதலாளி தேடி வந்தார். அக்கா ஆலைக்குச் செய்ததையே எடுத்து, மூட்டை இருந்த இடத்தில் பெட்டியையும், லொறி இருந்த இடத்தில் சவ வண்டியையும் போட்டாள். பொத்தானை மட்டும் மாற்ற மறந்துபோனாள். முதலாளிக்கு எல்லாவற்றையும் காட்டி முடிக்கும்போது அவர் கண் கீழ்மூலைக்குப் போயிற்று. கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்ன புள்ள செய்து வெச்சிரிக்காய்? செத்த ஊட்டில ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவாங்களா? நாங்க நாளாந்தம் இத அமத்தினா, மறுகா ஆர்ர ஊட்ட போறது?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மூடு" என்று போட்டுப் பார்த்தாள், பெட்டியை மூடச் சொல்கிறதுபோல் இருந்தது. "முடிந்தது" அதைவிட மோசம். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "செத்த ஊட்டில சொல்லாமத்தானே எழும்பிப் போறது. இதுவும் ஒண்டும் சொல்லாம இரிக்கட்டும்" என்றாள். முதலாளி மறுபடி உட்கார்ந்தார்.

போன மாரியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்தபோது அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல், சொல்லாமலே வந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் செய்தி வந்தது. பெட்டியும் வண்டியும் அதே மலர்ச்சாலையிலிருந்துதான் வந்தன. சனங்கள் வந்தார்கள், இருந்தார்கள், ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போனார்கள். ஊர் வழக்கம் அதுதான், நானும் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவளிடம் சொல்லவேண்டிய அந்த ஒரு சொல் ஆஸ்பத்திரியிலும் சொல்லப்படவில்லை, வீட்டிலும் சொல்ல வழியில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சில மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார். வாழைச்சேனையில் இன்னொரு கிளை திறந்திருந்தார். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும், போனிலும் தெரியவேண்டும், ஆகவே அந்தப் பழைய மென்பொருளை இணையத்துக்கு மாற்றித் தரச் சொன்னார். ஓம் என்றேன். வேலை என்று ஏதாவது இருந்தால் போதும் என்றிருந்த காலம்.

பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், புதிய திரையில் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறி வந்தது. இறந்தவர்களின் பெயர்கள் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. அவற்றை ஒழுங்குபடுத்த ஒரு சிறு நிரல் எழுதி, பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு போனேன். இடையில் அக்காவின் பெயர் வந்தது. அவள் கையால் அமைத்த "இறந்தவர் பெயர்" என்ற கட்டத்துக்குள் அவள் பெயர். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அடுத்த பெயருக்குப் போனேன். நெஞ்சு அசையவேயில்லை. அப்படி அசையாமல் இருந்தது எனக்கே பயமாக இருந்தது.

இணையத்தில் அந்தப் பொத்தான் தேவையில்லை. எல்லோரும் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனாலும் முதலாளி புதிய திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த வெறும் பட்டன் எங்க தம்பி? அதையும் போட்டுத் தா. அது புள்ள வெச்சதல்லவா" என்றார். போட்டுக்கொடுத்தேன். சாம்பல் நிறம், அதே மூலை.

பழைய கணினியை எடுத்துவிடும் நாளில் என்னையே கடைசியாக மூடச் சொன்னார்கள். பக்கத்தில் முதலாளியும் அலுவலகத்தில் வேலைசெய்யும் பிள்ளையும் நின்றார்கள். மவுஸை அந்த மூலைக்குக் கொண்டுபோய் வெறும் பொத்தானில் வைத்தேன். அழுத்துகிறபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போயிட்டு வாறன் அக்கா."

அந்தப் பிள்ளை பதறிப்போய் முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லைப் பார்த்துக் கதிரையை விட்டு எழும்பிய மனிதர் அவர். மென்பொருள் மூடிக்கொண்டுவிட்டது. அவர் என்னை ஏசவில்லை. "ஓம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிளக்கைக் கழற்றக் குனிந்தார்.