ஏற்றியவன் இறக்கட்டும்

அலுமினியத்தில் ஜன்னல் செய்கிறவருக்கு ‘ஜன்னல்’ என்றே பட்டப்பெயர் வைத்ததில் பெரிய கற்பனை ஒன்றும் இல்லை. சைக்கிள் கிளப்பில் வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. அவருடைய அண்ணனுக்கு ‘நெட்டை’ என்று பெயர். அதிலும் கற்பனை இல்லை. காலால் யோசிக்கிற கூட்டத்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது.

ஜன்னல் நல்ல மனிதர். வேலையில் படு சுத்தம். அவர் மாட்டிய ஜன்னலில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது. வீட்டிலும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். ஆனால் மனசுக்குள் ஒன்றை மாட்டிவிட்டார் என்றால் போச்சு, கடவுளே வந்தாலும் கழற்ற முடியாது. அவர் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பந்தய சைக்கிள் ஒன்பது வருஷம் சும்மா தொங்கியதற்கு அதுதான் காரணம்.

அந்த சைக்கிளை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். அண்ணன் செருப்புக்கடையில் விற்பனையாளர், தம்பி பட்டறையில் அப்போதுதான் தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருந்தார். ஆளுக்கொன்று வாங்க வக்கில்லை. அதனால் இரண்டு பேருக்கும் ஒன்று. அலுமினியச் சட்டம், முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவையும் சீட்டைத் தாங்குகிற தண்டும் கார்பன். இரண்டு விரலால் தூக்கலாம். முதல் நாள் ஜன்னல் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது சைக்கிளா பஞ்சு மிட்டாயா?” என்று கேட்டாராம்.

ஒரு தொல்லை இருந்தது. அண்ணன் பனைமரம், தம்பி அவர் தோளுக்குத்தான் இருப்பார். ஒருவருக்குச் சரியான சீட்டு உயரம் மற்றவருக்கு ஆகாது. பந்தய சைக்கிளில் அரை விரல் மாறினாலே முட்டி பேச ஆரம்பித்துவிடும். ஆகவே சீட்டுத்தண்டில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டினார்கள். அண்ணன் உயரத்துக்குச் சிவப்பு, தம்பி உயரத்துக்கு வெள்ளை. ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள்: யார் ஓட்டிவிட்டு வந்தாலும், வியர்வையைத் துடைத்து, ஆலன் கீ என்கிற ஆறுமுகச் சாவியால் தளர்த்தி, சீட்டை அடுத்தவன் டேப்புக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். ஏற்றியவன் இறக்க வேண்டும், இறக்கியவன் ஏற்ற வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குள்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. சில வருஷம் அது பிசகாமல் நடந்தது.

சைக்கிள் விற்ற கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். “கார்பன் தண்டுக்கு சாதா கிரீஸ் தடவாதீங்க. அதுக்குன்னு தனிப் பசை இருக்கு, அதைத் தடவுங்க.” அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். கிரீஸ் தடவக்கூடாது, சரி, தடவவில்லை. பசையும் தடவவில்லை. ஆனாலும் கேடு ஒன்றும் வரவில்லை. வாராவாரம் ஏற்றி இறக்கித் துடைத்துக்கொண்டே இருந்தார்களே, எப்படி வரும்?

வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பந்தயம். அதிலும் முறை வைத்துத்தான் ஓட்டினார்கள். அந்த வருஷம் தம்பி முறை. அவர் மழை வெயில் பார்க்காமல் பயிற்சி எடுத்தார். அந்த மலையில் இருபதுக்குள் ஒரு இடம் பிடிக்க வேண்டும், அதற்கப்புறம் செத்தாலும் சரி என்று பேசித் திரிந்தார். பந்தயத்துக்கு முந்தின நாள் அவர் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. மனுஷன் என்ன செய்வார்? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வியர்வையும் சேறும் சொட்டச் சொட்ட அண்ணன் வந்து நின்றார். கழுத்தில் மெடல். பனியன் முதுகில் தம்பியின் பந்தய எண்.

“டேய், மூணாவதுடா! உன் நம்பர்ல ஓட்டி உன் பேர்ல மூணாவது வாங்கியிருக்கேன். பொண்ணும் வந்தாச்சு, மெடலும் வந்தாச்சு, இன்னும் என்னடா வேணும்?”

“என்னைக் கேட்டியா அண்ணே?”

“நீ இங்க கிடக்கறே. சும்மா போற நம்பரை வீணாக்கணுமா?”

“ஃபோன் இருக்கில்ல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

அண்ணன் அங்கேயே வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: “போடா, நீ ஓட்டியிருந்தா முப்பதாவதுகூட வந்திருக்க மாட்டே.”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார், நாக்குக்கும் மூளைக்கும் நடுவில் அவருக்குக் கதவே கிடையாது. ஆனால் ஒரு வருஷம் முழுக்க மலையைக் கனவில் ஏறிக்கொண்டிருந்தவனிடம் சொல்கிற பேச்சா அது? ஜன்னல் குழந்தையை மனைவியின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “கிளம்பு” என்றார். அவ்வளவுதான். மெடலைத் தொடவில்லை.

மனைவியும் குழந்தையும் வீடு வந்த மறுநாள் காலை, சைக்கிள் அவர் வீட்டு கேட்டில் சாய்ந்து நின்றது. அண்ணன் வைத்துவிட்டு, கூப்பிடாமலே போயிருந்தார். சட்டத்தில் காய்ந்த சேறு. ஹாண்டிலில் மெடல். சீட்டு சிவப்பு டேப்பிலேயே இருந்தது.

“பாத்தியா, துடைக்கக்கூட இல்ல. இறக்கக்கூட இல்ல” என்றார் மனைவியிடம்.

“ஒரு நிமிஷ வேலை. இறக்கிட்டு ஓட்டுங்க” என்றாள் அவள், குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டே.

“அவர் ஏத்தினது. அவர் வந்து இறக்கட்டும்.”

அப்படியே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார். சேற்றோடு, வியர்வையோடு.

அண்ணன் ஓரிரு முறை ஃபோன் செய்தார், இவர் எடுக்கவில்லை. பிறகு அவரும் விட்டுவிட்டார். உறவுக்காரர் வீட்டில் எதிர்ப்பட்டால் “வாங்க”, “சாப்டீங்களா” என்ற அளவோடு சரி. பிறந்ததிலிருந்து ‘நீ’ என்று கூப்பிட்ட அண்ணன் ‘நீங்க’ ஆகிவிட்டார். மரியாதை இப்படியும் வரும்.

கிளப்பிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். வேறு சைக்கிள் தருகிறோம் என்றுகூடச் சொன்னார்கள். “நம்ம வண்டி இருக்கு. சீட்டு மட்டும் இறங்கணும்” என்று அனுப்பிவைத்தார். முதலில் சிரித்தார்கள், அப்புறம் வருவதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு வருஷமும் மலைப்பந்தயம் நடக்கிற அன்று ஜன்னல் காலையிலேயே பட்டறைக்குப் போய்விடுவார். அன்றைக்கு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. தொடையில் இருந்த சதை கரைந்து வயிற்றுக்கு வந்து சேர்ந்தது. இருந்தாலும் ஆசை போகவில்லை. அண்ணன் வந்து இறக்குவார், அடுத்த வாரமே பயிற்சி, அடுத்த பந்தயத்தில் மலை. முப்பதாவது என்ன, நூறாவது வந்தாலும் தன் காலால் ஏறியதாக இருக்கும். இதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தாள்.

கொடுமை என்னவென்றால், இரும்பு ஸ்குரூவை அலுமினியத்தில் நேரடியாக முடுக்கக்கூடாது என்று பட்டறையில் வேலைக்கு வருகிறவனுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் இவர். நடுவில் பிளாஸ்டிக் வாஷர் போடு, இல்லையென்றால் உப்புக்காற்று பட்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்து அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பார். கார்பனும் அதையே செய்யும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கரிதானே, இரும்பா என்ன என்று இருந்துவிட்டார். உள்ளே ஒன்பது வருஷம் அண்ணனின் வியர்வை உப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. திறந்தால் அண்ணன். தலை பாதி நரைத்திருந்தது. கையில் அந்தப் பழைய ஆலன் கீ, பிடியில் சிவப்பு டேப் சுற்றியது.

“வாங்க” என்றார் ஜன்னல். வந்துவிட்டார் பார்த்தாயா என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஒன்பது வருஷ வழக்கில் ஜெயித்தவன் பார்வை.

“வாங்க மாமா, உக்காருங்க” என்று அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அண்ணன் உட்காரவில்லை. சுவரையே பார்த்தார். “என்னடா இது, அப்படியே மாட்டி வச்சிருக்கே?”

“நீங்க வந்து இறக்குவீங்கன்னுதான்.”

“எதை?”

“சீட்டை.”

அண்ணனுக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. “நான் ஊர் மாறிப் போறேன்டா. வீட்டை ஒழிச்சப்போ இந்தக் கீ கிடைச்சுது, உன் வண்டியோடது ஆச்சே, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“என் வண்டியா?”

“பின்னே? அன்னிக்கே என் பங்கையும் உனக்குன்னு விட்டுட்டுத்தானே போனேன். வாய் தவறிப் பேசிட்டேன், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கதவைத் தட்டறது? அதான் கேட்லயே வச்சுட்டுப் போனேன். நீ ஓட்டிக்கிட்டிருப்பேன்னு நினைச்சேன்.”

அடப்பாவமே. ஒருவர் மன்னிப்பு கேட்டதாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்னொருவர் அதையே அவமானம் என்று சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அண்ணன் அசடு வழியச் சிரித்து, “சரி, இப்ப இறக்கிட்டாப் போச்சு” என்று வண்டியைச் சுவரிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தி, கீயை நுழைத்துத் திருகினார். பிடி தளர்ந்தது. சீட்டை அழுத்தினார், அசையவில்லை. திருப்பினார், அசையவில்லை. தம்பியும் சேர்ந்து அழுத்தினார். மனைவி வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். தண்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி நுரைத்ததே தவிர ஒன்றும் நகரவில்லை. ஜன்னல் அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாதா?

“பட்டறைக்குக் கொண்டு போலாம்” என்றார்.

சக்கரங்களைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பட்டறையில் சீட்டைக் கழற்றிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாக்கி, சீட்டுத்தண்டை ரப்பர் சுற்றி, பெஞ்சில் பூட்டிய வைஸின் இரும்பு வாயில் வைத்து இறுக்கினார்கள். இனி சட்டத்தைப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம்.

“அண்ணே, நீ அந்தக் கவைப் பக்கம் பிடி. இழுக்காதே, தள்ளு.”

“நீ தள்ளுடா முதல்ல. வயிறு இடிக்குது பார் உனக்கு.”

“உனக்கு மட்டும் இல்லியா?”

‘நீ’ திரும்பி வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. செக்குமாடு மாதிரி அந்த வைஸைச் சுற்றி முக்கி முனகினார்கள். அண்ணன் ஏதோ சொல்ல, தம்பி வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பட்டறையில் அவர் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. ஒரு மயிரிழை அசைந்த மாதிரி இருந்தது. “வருதுடா, வருது, விடாதே!” என்றார் அண்ணன். ஜன்னல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தள்ளினார்.

சடக் என்றது.

தண்டு வைஸின் வாயிலேயே நார் நாராகப் பிளந்து முறிந்தது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சட்டத்தைத் திருப்பிப் பார்த்தார் ஜன்னல். தண்டு நுழைகிற கழுத்தில், உப்பு தின்று மெலிந்துபோன இடத்தில், அலுமினியம் நீளமாக வெடித்திருந்தது. விரலால் தடவினார். வெல்டிங் வைத்தாலும் நிற்காது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அவருடைய கதவில்லாத வாய் வழக்கம்போலத் திறந்தது.

“ஒன்பது வருஷம் கையிலயே இருந்துதேடா. ஒருதடவை, ஒரே ஒருதடவை நீயே தளர்த்தி ஆட்டி விட்டிருந்தா?”

ஜன்னல் வைஸைத் தளர்த்தி, முறிந்த துண்டை வெளியே எடுத்தார். “நீங்க கிளம்புங்க. நேரமாச்சு” என்றார்.

நீங்க. அண்ணனுக்கு இந்தத் தடவை காதில் விழுந்தது. ஆலன் கீயை பெஞ்சில் வைத்துவிட்டு, தலை நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.

முறிந்த வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அந்த சைக்கிளைத் தரையில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

“உடைச்சுட்டாரு” என்றார் மனைவியிடம். “ஏத்தி வச்சுட்டுப் போனாரு. இப்ப வந்து உடைச்சுட்டும் போயிட்டாரு.”

அவள் வெடித்திருந்த கழுத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

“அவர் அன்னிக்கு ஒருநாள்தான் ஏத்தி வச்சாரு” என்றாள். “இறக்க விடாம வச்சிருந்தது நீங்க.”

மகள் நிமிர்ந்து, “அப்பா, இனிமே அந்த ஆணியில என் ஸ்கூல் பையை மாட்டிக்கவா?” என்று கேட்டாள்.

ஜன்னல் சுவரைப் பார்த்தார். சைக்கிள் தொங்கிய இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது. அதில் சீட்டின் தடம் நன்றாக மேலே, அவர் தலைக்கும் மேலான உயரத்தில் தெரிந்தது.

“மாட்டிக்கோ” என்றார்.