நீலம் கரைத்த கேணி

மடத்துவெளி மீனலோசனிக்கு எதிலும் இலேசில் அருவருப்பு வராது. புருசன் போன நாளிலிருந்து மாடுகளோடு சீவிக்கிறவள். சாணம் அள்ளுவாள். ஈனும்போது கன்று சிக்கிக்கொண்டால் முழங்கை வரை கையை விட்டு இழுத்தெடுப்பாள். பால் விற்றே மகள் நிசாந்தினியைப் படிப்பித்து ஆளாக்கினாள்.

கனகாலத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்த தம்பி உதயன்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கையோடு கூட்டிப்போனான். ஆளில்லாத காணிகளைக் குத்தகைக்கு எடுத்து, ஊரின் ஓரத்தில் யாரோ புதிதாகக் கோல்ஃப் மைதானம் திறந்திருந்தார்கள்.

"அங்கை எண்டால் பெரிய செலவு, அக்கா. இஞ்ச சும்மா மாதிரி. ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ."

அவன் ஆசையை முறிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

செலவைக் குறைத்த இடமெல்லாம் தெரிந்தது. கல்லுத்தரையில் புல் பிடிக்காததால் குழிகளைச் சுற்றிப் பச்சைக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். வெயிலில் அது வண்டி ரயர் எரிவதுபோல் மணத்தது. பற்றைகளுக்குள் மூத்திர நாற்றம், பியர் ரின்கள். மீனலோசனி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடித்தாள். முதலில் புழுதிதான் பறந்தது. பிறகு ஒரு பந்து உருண்டுபோய்க் குழிக்குள் விழ, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த குழி கேணியடியில். கோடையிலும் வற்றாத அந்தக் கேணியில்தான் ஊர் மாடுகள் தண்ணீர் குடித்து வந்தன, மைதானக்காரர் முள்ளுக்கம்பி அடிக்கும் வரை. இப்போது தண்ணீர் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலம்போல் கிடந்தது. கரையெல்லாம் நுரை. வயிறு ஊதிச் செத்த மீன்களுக்கிடையே பந்துகள் மிதந்தன.

"இதென்ன தம்பி, இந்த நிறம்?" என்று மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெகதீசைக் கேட்டாள்.

"சாயம், அக்கா. படம் எடுக்க வடிவாயிருக்கும்."

அந்நேரம் கம்பி இடைவெளியால் பக்கத்துவீட்டு ஏரம்புவின் சிவத்தப் பசு நுழைந்தது. தண்ணீரில் முகம் வைத்தது, மணந்து பார்த்தது, தலையை உதறிப் பின்வாங்கியது. உதயனின் பந்து அதன் காலடியில் கிடந்தது. அவன் ஓடிப்போய் இரும்பு மட்டையை ஓங்கிப் பின்னங்காலில் ஒன்று போட்டான். பசு கதறிக்கொண்டு முழந்தாளில் விழுந்தது.

"என்னடா செய்தனீ?"

"மாடுதானே, அக்கா. பந்தை மிதிச்சுப்போடும்." அவன் சிரித்தான். ஜெகதீசும் சேர்ந்து சிரித்தான்.

மீனலோசனிக்கு வயிற்றைக் குமட்டியது. ஒதுங்கி நின்று ஓங்காளித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, தம்பியின் கையிலிருந்த மட்டையைப் பறித்து அந்த நீலத்துக்குள் எறிந்தாள்.

"ஐயோ, அது மைதானத்துச் சாமான்!" என்று ஜெகதீஸ் கத்தினான்.

"இறங்கி எடும். உம்மட தண்ணிதானே."

பசுவை எழுப்பி, நொண்ட நொண்டத் தன் வீட்டுக்கு நடத்தி வந்து, கிணற்றுத் தண்ணீர் வைத்தாள். கால் முறியவில்லை, வீங்கியிருந்தது. மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டாள்.

பின்னேரம் உதயன் சாப்பிட உட்கார்ந்தான். "ஒரு மாட்டுக்காக என்னோட கதையாமல் இருக்கிறியளோ?"

அவள் கறியை அவன் முன் வைத்தாள். சோற்றைப் பிசைந்த அந்தக் கையைப் பார்க்க ஏலாமல் குசினிக்குள் போய்விட்டாள். அடுத்தநாள் அவன் யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் எடுத்துத் தங்கினான். அவள் மறிக்கவில்லை.

ஏரம்புவும் அவளும் பிரதேச சபைக்குப் போய்க் கேணியைப் பற்றி முறைப்பாடு கொடுத்தார்கள். யாரோ வந்து சோதனைக்கென்று போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். கம்பிவேலி அப்படியே நிற்கிறது.

விமானம் ஏறுமுன் உதயன் போன் எடுத்தான். "கோவமோ, அக்கா?"

"கோவமெண்டால் ஆறியிருக்கும்," என்றாள். "கவனமாப் போ."